நம்ம ரத்தத்தில்

1

சென்ற வியாழக்கிழமையோடு ஒரு வருடம் ஆகிவிட்டது. யாரும் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய நாள் இல்லை. பிறந்தநாளோ திவசமோ அல்ல. நான் என் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிய நாள். ஒரு நிமிடம்கூட ஓடாது. என் போனிலிருந்து அதை அழித்துவிட்டேன். ஊரில் எத்தனை பேர் போனில் இன்னும் இருக்கிறதோ தெரியாது.

நான் இருப்பது நோர்வேயில் பெர்கன் என்ற துறைமுக ஊர். வந்து பதினோரு வருடம். திருவொற்றியூரில் பிறந்து, ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன மெக்கானிக் படித்து, காசிமேட்டில் ஒரு மீன் கம்பெனியில் கம்ப்ரஸரோடு மல்லுக்கட்டி, பிறகு கத்தார் போய், அங்கிருந்து இங்கே. இங்குள்ள பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் உறைபெட்டிகளைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. மைனஸ் எண்பது டிகிரி. காசிமேட்டில் உள்ளே வஞ்சிரமும் இறாலும் இருந்தன. இங்கே மனித ரத்தம், சுண்டுவிரல் அளவு குழாய்களில். மெக்கானிக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஊரில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள்: "குமார் ஆராய்ச்சி பண்றான்பா ஃபாரின்ல." முதல் முறை கேட்டபோது மறுத்திருக்கலாம். கேட்க நன்றாக இருந்தது. விட்டுவிட்டேன்.

2

அக்கா பெயர் ரேவதி. என்னைவிட நான்கு வயது மூத்தவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஊரில் எனக்கு மிச்சமிருந்தது அவள்தான். அவள் கணவர் பாஸ்கர், எண்ணூர் விரைவுச்சாலை ஓரம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். மூத்தவன் யுவனுக்கு எட்டு வயது. இளையவள் மதிக்கு ஐந்து. பாஸ்கரின் அம்மாவும் அவர்களோடுதான் இருந்தார்.

யுவனுக்கு ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். அவன் பேசுவதில்லை. ஆனால் மாடியில் நின்று, சாலையில் நகரும் லாரிகளின் கன்டெய்னர் எழுத்துகளையும் எண்களையும் ஒன்று விடாமல் சொல்வான். அவன் வாயிலிருந்து வரும் சொற்கள் அவ்வளவுதான். பாஸ்கர் யார்டில் கன்டெய்னர் கதவுகளிலிருந்து வெட்டியெடுத்த பிளாஸ்டிக் சீல்களை, மஞ்சளும் நீலமுமாக, சட்டைப்பை நிறையக் கொண்டுவந்து மகனுக்குக் கொடுப்பார். பையன் அவற்றை நிறம் பிரித்து அடுக்குவான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இதைச் சொல்லிவிட வேண்டும். அவர் கெட்ட மனிதர் அல்ல.

மாமியாருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. "வயித்துல புள்ளைய வெச்சிகினு மணலி கம்பெனிக்கு வேலைக்கு போனா இல்ல, அந்தப் பொகைதான்" என்பார் ஒரு வாரம். அடுத்த வாரம் கிரகணம். அதற்கடுத்த வாரம் அக்கா மாசமாக இருந்தபோது தின்ற நண்டு. ஐந்து வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் செய்து அழுவாள். கடைசியில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"நீ இருக்குற எடத்துல யாரையாச்சும் கேளேன்டா. நான் இன்னாதான் பண்ணிட்டேன்னு."

3

போன வருடம் ஒரு உறைபெட்டி நின்றுபோனது. உள்ளே இருந்தவை உருகுவதற்குள் சரிசெய்துவிட்டேன். அவை சில்யே என்ற ஆராய்ச்சியாளருடைய மாதிரிகள். மறுநாள் அவர் எனக்குக் காபியும் ஒரு பன்னும் வாங்கித் தந்தார். அந்தக் குழாய்களில் என்ன என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் ரத்தம் என்றார். பன்னைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். மனிதன் மனிதனாவதற்கு வெகுகாலம் முன்பே, நம் மூதாதை உயிர்களைத் தாக்கிய வைரஸ்கள் சில, முட்டைக்குள்ளும் விந்துக்குள்ளும் புகுந்து டி.என்.ஏ.வோடு தைத்துக்கொண்டுவிட்டன. அன்றிலிருந்து பிள்ளை, பிள்ளைக்குப் பிள்ளை என்று கைமாறி வருகின்றன. நம் டி.என்.ஏ.வில் நூற்றுக்கு எட்டுப் பங்கு இந்தச் சிதைந்த மிச்சம்தான். இருமினால் பரவாது. தொட்டால் ஒட்டாது. பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். சில துண்டுகளுக்கு உடம்பு வேலைகூடக் கொடுத்திருக்கிறது. நஞ்சுக்கொடி உருவாவதற்கே அப்படியொரு துண்டு உதவுகிறதாம்.

ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளின் ரத்தத்திலும், அவர்களுடைய தாய்மார் சிலரின் ரத்தத்திலும், இந்தத் துண்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக விழித்திருப்பதுபோல் தெரிகிறது. அது காரணமா, விளைவா, இரண்டும் இல்லையா, யாருக்கும் இன்னும் தெரியாது என்றார். தெரியாது என்பதை மூன்று முறையாவது சொல்லியிருப்பார்.

நோர்வே மொழியில் "வி அல்லே" என்றுதான் தொடங்கினார். நாம் எல்லோரும். பிறகு வாக்கியத்துக்கு ஒரு "கான்ஷே" போட்டுக்கொண்டே போனார். ஒருவேளை.

அன்று வேலை முடிந்து ட்ராமில் உட்கார்ந்து நான் அனுப்பிய மெசேஜ் இது. எனக்கு மனப்பாடம்.

"அக்கா, அழாத. உம் மேல ஒரு தப்பும் இல்ல. நண்டும் இல்ல, கம்பெனிப் பொகையும் இல்ல. இங்க பெரிய ஆளுங்க கையில கேட்டுட்டேன். நம்ம ரத்தத்துல ரொம்பப் பழைய வைரஸ் ஒண்ணு கீது. பரம்பரையா வந்துகினே கீது. யுவன் மாதிரி புள்ளைங்களுக்கு அது முழிச்சிகினு கீது, அவ்ளோதான். அம்மாங்களுக்கும் கீதாம். நீ ஒண்ணும் பண்ணல."

"எல்லோரும்" போய்விட்டது. "ஒருவேளை"யும் போய்விட்டது. இரண்டு சொல்லையும் ட்ராமில் தொலைத்துவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மகள் இயல், பன்னிரண்டு வயது, தட்டை எடுத்துக்கொண்டே, "அப்பா, நாங்க சாப்பிடலாமா?" என்றாள். அவளுக்கு இது எப்போதும் குழம்பும். நோர்வே மொழியில் நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல். "நாங்கன்னா என்னை விட்டுட்டு நீங்க சாப்பிடுறது. நாமன்னா என்னையும் சேத்து" என்று திருத்தினேன். அவள் தோளைக் குலுக்கினாள். என் மனைவி கல்பனாவும் நானும் சிரித்தோம்.

4

மூன்று நாள் அக்கா சந்தோஷமாக இருந்தாள். அந்த மெசேஜை அவளேதான் சமையலறையில் ஸ்பீக்கரில் போட்டு மாமியாருக்குக் கேட்கவிட்டாள். ஐந்து வருடப் பழி தீர்ந்தது என்று நினைத்தாள்.

மாமியார் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "தோ, அவ தம்பியே சொல்றான். அவங்க ரத்தத்துல கீதாம்."

பாஸ்கர் அதைத் தன் தங்கைக்கு அனுப்பினார், யோசனை கேட்க. தங்கை யாருக்கோ அனுப்பினாள். ஒரு வாரத்தில் அந்த அடுக்கு வீட்டின் வாட்ஸ்அப் குழுவில் என் குரல் ஓடியது. கொரோனாவில் அந்தக் கட்டடத்திலேயே இரண்டு பேர் போயிருந்தார்கள். வைரஸ் என்ற சொல்லை அங்கே யாருக்கும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மாடியில் யுவன் நிற்கும்போது மற்ற பிள்ளைகளைக் கீழே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

யுவனைத் தினமும் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துக்கொண்ட ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே தலைமை ஆசிரியை தன்மையாகவே சொன்னார்: "மத்த பேரன்ட்ஸ் கேக்குறாங்கம்மா. வைரஸ் ஒண்ணும் இல்லைன்னு ஒரு சர்டிபிகேட் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க."

அப்படியொரு சர்டிபிகேட் உலகத்தில் கிடையாது. அக்கா அதற்காக ஓர் அரசு மருத்துவமனையில் இரண்டு நாள் வரிசையில் நின்றாள். யுவனுக்கு அந்தக் கூட்டமும் சத்தமும் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்துவிடுவான். இரண்டாம் நாள் கவுன்ட்டர்வரை போய்விட்டாள். அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"குமாரு, அந்த வைரஸுக்கு இன்னா பேருன்னு கேக்குறாங்க. பேர் இல்லாம டெஸ்ட்டு எழுத முடியாதாம்."

நான் உறைபெட்டி அறையில், கையுறையோடு நின்றிருந்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கையுறையைக் கழற்றி, சில்யேயின் அறைக் கதவில் ஒட்டியிருந்த ஆய்வுத் தாளில் அந்த வைரஸின் பெயரைப் பார்த்து டைப் செய்து அனுப்பினேன். நீளமான பெயர். கடைசிச் சொல் ரெட்ரோவைரஸ்.

கவுன்ட்டரில் இருந்தவருக்குத் தெரிந்தது அந்தக் கடைசிச் சொல் மட்டும்தான். எச்.ஐ.வி.யும் ஒரு ரெட்ரோவைரஸ்தான். பாவம், அவர் தனக்குத் தெரிந்த இடத்துக்கு வழிகாட்டினார். எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் அறைக்கு.

அங்கே உட்காரவைத்து அவளிடம் கேள்விகள் கேட்டார்கள். கேட்பது அவர்கள் கடமை. தாலி கட்டிய நாள் முதல் அவளை யாரும் கேட்காத கேள்விகள். பதில் சொன்னாள். ரத்தம் கொடுத்தாள். யுவனைப் பிடித்துக்கொள்ள மூன்று பேர் தேவைப்பட்டார்கள். சாயங்காலம் இரண்டு தாள் கையில் வந்தது. இருவருக்கும் நெகடிவ்.

தாளைப் படமெடுத்து அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். "கூசிப்போச்சுடா. ஆனா நெகடிவ்னு போட்டுக் குடுத்துட்டாங்க. ஸ்கூல்ல குடுக்கட்டுமா?"

நான் அவசரத்தில் இருந்தேன். ஒரு அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. அதோடு, எனக்கு எல்லாம் தெரியும் என்று அவள் நம்புகிற நம்பிக்கை பிடித்திருந்தது.

"குடுக்கா. ரெண்டும் ஒரே குடும்பத்து வைரஸ்தான். அது இல்லைன்னா போதும்."

அவள் கொடுத்தாள். அந்தத் தாளின் தலைப்பில் எச்.ஐ.வி. என்று எழுதியிருந்ததைப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் படிக்கத் தெரியும். கீழே நெகடிவ் என்று இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. எதற்காக இவள் இந்த டெஸ்ட்டுக்குப் போனாள் என்பதுதான் கேள்வியாயிற்று.

5

பத்து நாள் கழித்துப் பாஸ்கர் என்னைக் கூப்பிட்டார். வீடியோவில். யார்டில் அடுக்கிய கன்டெய்னர்கள் பின்னால் தெரிந்தன. அழுதிருக்கிறார் என்று தெரிந்தது.

"மச்சான், உங்க அக்காவயும் யுவனயும் நெட்டுக்குப்பத்துல ஒரு ரூம் புடிச்சு வெச்சுட்டேன். வாடகை நான் குடுத்துடறேன். மதி எங்கூட இருக்கட்டும்."

"மாமா, அது பரவுற வைரஸ் இல்ல. உங்க ரத்தத்துலயும் கீது. உங்க அம்மா ரத்தத்துலயும் கீது. உலகத்துல எல்லாருக்கும் கீது."

அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"அன்னிக்கி நம்ம ரத்தத்துலன்னு சொன்ன. இன்னிக்கி எல்லா ரத்தத்துலயும்ன்ற. நாளிக்கி இன்னா சொல்வ?"

அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"எனுக்கு ஒரு கொழந்தையாவது மிச்சம் இருக்கட்டும் மச்சான்."

சில்யேயிடம் போய் ஒரு கடிதம் கேட்டேன். நடந்ததை நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துப்போனது. பார்க்காத குழந்தையைப் பற்றி மருத்துவச் சான்று எழுத அவருக்கு உரிமையில்லை. ஆனாலும் எல்லா மனிதரிடமும் இது உண்டு, தொற்றாது என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதை ஊருக்கு அனுப்பினேன். பாஸ்கரின் அம்மா, "வெள்ளக்காரிக்கு இன்னா தெரியும் நம்ம வூட்டு கதை" என்றாராம்.

இதற்கு நடுவில் இயலின் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. செவிலியர் அனுப்பும் வழக்கமான படிவம். குடும்பத்தில் பரம்பரையாக வரக்கூடிய ஏதாவது, நெருங்கிய உறவில் வளர்ச்சி சார்ந்த ஏதாவது, உண்டா, இல்லையா. கல்பனா அதை என் முன் வைத்து, "என்ன போடப் போறீங்க?" என்றாள். அவள் குரலில் ஒரு எச்சரிக்கை இருந்தது. நான் இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். பேனா தயங்கவில்லை. பிறகு கை கழுவிவிட்டு வந்து பாஸ்கரின் மூடத்தனத்தைப் பற்றி அவளிடம் அரைமணி நேரம் பேசினேன்.

இயல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "இது எங்க பயாலஜி புத்தகத்துலயே இருக்கு" என்றாள் நோர்வே மொழியில். "ஒரு பக்கம்தான். ஏன் அத்தைக்கு அதைச் சொல்லலை?" அவளுக்குத் தமிழில் சொல்ல வராது. எனக்குத் தமிழ் வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

6

அக்கா பிறகு ஒரு வக்கீலைப் பார்த்து மதியைக் கேட்டு மனுப் போட்டாள். கோர்ட்டில் முதலில் சமரசம் பேசச் சொல்லி அனுப்பினார்கள். நான் உடனே கிளம்பியிருக்க வேண்டும். என் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. அதை நான் கவனிக்கவேயில்லை. தப்பான அளவில் போட்டோ வைத்து அனுப்பினேன், திரும்பி வந்தது. ஏழு வாரம் போனது. ஏழு வாரமும் மதி அம்மாவைப் பார்க்கவில்லை.

நெட்டுக்குப்பத்து அறைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசலில் படிந்திருந்த சாம்பலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அனல்மின் நிலையச் சாம்பல் அங்கே தினமும் படியும். மெலிந்திருந்தாள். யுவன் என்னைக் கடந்து சுவரைப் பார்த்து நின்றான். அங்கே கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்குத் தெரியாது. அவன் சொல்ல ஒன்றும் இல்லை.

சமரச அறையில் ஒரு நீண்ட மேசை. நடத்தியவர் ஐம்பது வயதுப் பெண் வக்கீல். நல்லவர், களைத்தவர். பாஸ்கர் பக்கத்து வக்கீல் போனை மேசைமேல் வைத்து என் குரலைப் போட்டார். மாதக்கணக்கில் கேட்காத என் குரல். அதிலிருந்த பெருமை எனக்கே கேட்டது.

"இது உங்க குரல்தானே?" என்று நடத்தியவர் கேட்டார்.

"ஆமாங்க."

"நம்ம ரத்தத்துலன்னு சொல்றீங்க. நம்மன்னா யாரு?"

"மனுஷங்க எல்லாரும். அப்படி நெனச்சுதான் சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

"அக்காகிட்ட தம்பி பேசும்போது நம்மன்னா, உலகத்து மனுஷங்க எல்லாரும்னு யார் சார் புரிஞ்சுக்குவாங்க?"

நான் விளக்கினேன். முட்டை, விந்து, கோடிக்கணக்கான வருடம், நூற்றுக்கு எட்டு. தமிழில் அது கட்டுக்கதை போல ஒலித்தது. பாஸ்கரின் வக்கீல், "சார் சயின்டிஸ்ட்டா?" என்று கேட்டார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் என்றேன். அக்கா தலை தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் அதை ஒருபோதும் இந்த வார்த்தையில் சொன்னதில்லை.

ஆனால் அது முடிவை மாற்றவில்லை. நடத்தியவர் எங்களைப் பத்து நிமிடம் வெளியே போய்ப் பேசி வரச் சொன்னார். மாடிப்படியில் உட்கார்ந்தோம். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அவங்க சொல்றத நம்பாத. உனுக்குத் தனியா ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் கீறதுதான் உனுக்கும் கீது. மதிக்கு உன்னால ஒண்ணும் ஆவாது. உள்ள வந்து உறுதியா சொல்லு, புள்ள எனுக்கு வேணும்னு."

"நீ மெக்கானிக்குன்னு எனுக்குத் தெரியாதா?" என்றாள். "அப்பா தானே உன்ன ஐ.டி.ஐ.ல சேத்தாரு. உனுக்குப் பெருமையா இருக்கட்டும்னுதான் நானும் ஊர்ல அப்படி சொல்லிகினு இருந்தேன்."

நான் கீழே பார்த்தேன்.

"அது இல்ல குமாரு. அன்னிக்கி நீ சொல்லச்சொல்ல உனுக்கு எதுவும் தேவப்படல. கேட்டத அப்படியே சொன்ன. இப்ப என்னைக் காப்பாத்தணும்னு சொல்ற. உங் கொரலு எனுக்குத் தெரியாதா? சின்ன வயசுல எனக்காகப் பொய் சொல்லும்போது இப்படித்தான் உனுக்குக் கொரலு கம்மிப்போவும்."

"இது பொய் இல்லக்கா."

"சரி. இல்லன்னே வெச்சுக்குவோம்." கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "யுவன் எம் பக்கத்துலயே பொறந்து, எம் மடியிலயே வளந்தான். அவனுக்கு இப்படி ஆச்சு. மதி பேசுறா, பாடுறா. அவளாவது தூரமா இருக்கட்டும். ஒருவேளை நீ மொத சொன்னது நெசமா இருந்தா?"

ஒருவேளை. அந்தச் சொல் இப்போது வந்து என்ன பயன்.

உள்ளே போய் அவளே சொன்னாள். யுவன் தன்னோடு. மதி அப்பாவோடு. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மதி வந்து பார்த்துவிட்டுப் போகலாம். நடத்தியவர் இரண்டு முறை கேட்டார், யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று. இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். பாஸ்கர்தான் அழுதார். சட்டைப்பையிலிருந்து ஒரு கை சீல்களை எடுத்து, மஞ்சள், நீலம், மேசைமேல் அவள் பக்கம் தள்ளினார். அவள் ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

7

நான் திரும்பி வந்து எட்டு மாதம். சனிக்கிழமைகளில் மதி போன பிறகு அக்காவைக் கூப்பிடுவேன். முதல் சில வாரம் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தாளாம். பிறகு அறைக்குள், மாஸ்க் போட்டுவிட்டு. மாஸ்க்கைப் பாஸ்கர் கொடுத்தனுப்பவில்லை. அக்காவே வாங்கி வைத்திருக்கிறாள், சின்ன அளவில், பூ போட்டது. மதி அவள் தட்டில் சாப்பிடக் கேட்டால் கொடுப்பதில்லை. யுவனைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்கிறாள்.

ஒவ்வொரு முறையும் நான் விளக்குகிறேன். இப்போது ஒரு சொல்லையும் விடுவதில்லை. அவள் "ம்" கொட்டிக் கேட்டுக்கொள்கிறாள். பிறகு இயல் எப்படி இருக்கிறாள், அங்கே குளிரா என்று கேட்கிறாள்.

இந்தச் சனிக்கிழமை அவளே முந்திக்கொண்டு பேசினாள். குரல் லேசாக இருந்தது. நான் நல்ல செய்தி என்றே நினைத்துவிட்டேன்.

"இன்னிக்கி மதி தானாவே வந்து எம் மடியில உக்காந்துச்சுடா. மாஸ்க்க கழட்டிட்டு, மூஞ்சிய என் கழுத்துல வெச்சுகினு. எவ்ளோ நாளாச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. எறக்கி வுட்டுட்டேன். மூஞ்சி கழுவ வெச்சேன். அழுதுச்சு. அவங்க அப்பா வர்ற வரைக்கும் நான் வெளிய போய் நின்னுகினு இருந்தேன்."